பழ ஈயின் திசு நுண்ணோக்கிக்குப் போகும் முன்: அந்த வண்ணப் படம் எங்கே உருவாகிறது?

உயிரியல் ஆய்வுச் செய்திகளோடு அடிக்கடி ஒரு படம் வரும். கறுப்புப் பின்னணியில் பச்சையும் சிவப்பும் நீலமுமாக மின்னும் செல்கள். கீழே 'பழ ஈயின் இறக்கைத் திசு' என்று ஒரே ஒரு வரி. பார்ப்பவருக்கு இரண்டு சந்தேகம் எழுவது இயல்பு. ஈயின் உடம்புக்குள் இந்த நிறமெல்லாம் உண்மையிலேயே இருக்கிறதா? ஒரே ஜீனைப் பற்றி இரண்டு ஆய்வுக்கூடங்கள் வெளியிடும் படங்கள் சில சமயம் ஏன் ஒத்துப்போவதில்லை?

முதல் கேள்விக்குப் பதில் சின்னது: இல்லை, நிறம் மனிதர் சேர்த்தது. இரண்டாவதற்குப் பதில் கொஞ்சம் நீளம். நுண்ணோக்கி மாறியதால் படம் மாறுவது உண்டு. ஆனால் அதைவிட அதிகமாக, திசு நுண்ணோக்கியின் அடிக்குப் போகும் முன்பே, ஒரு துளி உப்புக் கரைசலில் நடக்கும் வேலைதான் படத்தைத் தீர்மானிக்கிறது.

## எதைப் பார்க்கிறார்கள்?

பழ ஈ என்றால் இங்கே டுரோசோபிலா மெலனோகாஸ்டர். உடல் நீளம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். 25 டிகிரி செல்சியஸில் வளர்த்தால் முட்டையிலிருந்து முழு ஈ ஆகப் பத்து நாள் போதும்: கரு ஒரு நாள், மூன்று பருவங்களாகப் புழு நான்கு நாள், மீதி கூட்டுப்புழு. தாமஸ் ஹன்ட் மோர்கன் 1910-இல் வெள்ளைக் கண் ஈயை விவரித்த நாளிலிருந்து மரபியலின் செல்லப் பிராணி இதுதான். கரு எப்படி உருவம் பெறுகிறது என்பதை இதே ஈயில் கண்டறிந்ததற்காக 1995-இல் எட்வர்ட் லூயிஸ், கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நாட்ச், ஹெட்ஜ்ஹாக் போன்ற ஜீன்கள் முதலில் ஈயில்தான் தெரியவந்தன. அவற்றின் மனித உறவினர்கள் கெட்டுப்போனால் சிலவகை ரத்தப் புற்றுநோயும் தோல் புற்றுநோயும் வருகின்றன. ஈயின் இறக்கைக்கு இத்தனை மதிப்பு இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இறக்கை எங்கிருந்து வருகிறது? புழுவுக்கு இறக்கை கிடையாது, கால் கிடையாது, கூட்டுக்கண்ணும் கிடையாது. ஆனால் அவற்றின் மூலப்பொருள் புழுவின் உள்ளேயே சின்னச் சின்னத் தட்டையான பைகளாக மடிந்து கிடக்கிறது. இவற்றுக்கு இமேஜினல் டிஸ்க் என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் 'டிஸ்க்' என்றால் போதும், புரியும். இறக்கைக்கான டிஸ்க் சில பத்து செல்களோடு தொடங்கி, புழுப் பருவம் முடிவதற்குள் பல்லாயிரம் செல்களாகப் பெருகிவிடும். அப்போதும் அதன் அகலம் அரை மில்லிமீட்டரை எட்டாது. ஒரு பக்கம் உயரமான செல்கள் ஒற்றை அடுக்காக நெருங்கி நிற்கும். மறுபக்கம் மெல்லிய போர்வை போல ஒரு சவ்வு. இடையில் மடிப்புகள்.

ஒற்றை அடுக்கு, தாங்க எலும்போ நாரோ இல்லை, மூச்சுக்குழல் இழைகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது.

## எதனால் கெடுகிறது?

1. உப்பின் அளவு. புழுவின் உடல் திரவத்துக்கும் வெளிக் கரைசலுக்கும் உப்புச் செறிவு வெகுவாக மாறினால் செல்கள் உப்பும் அல்லது சுருங்கும். வெறும் தண்ணீரில் டிஸ்கைப் போட்டால் நிமிடக் கணக்கில் உருக்குலையும். அதனால்தான் பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல், சுருக்கமாக பி.பி.எஸ்., காரகாடி எண் 7.4.

2. நேரம். உடல் திறந்த நொடியிலிருந்து செல்கள் பட்டினி. குடல் கிழிந்தால் செரிமான நொதிகளும் கரைசலில் கலந்துவிடும். கைதேர்ந்தவர்கள்கூட ஒரு சுற்றில் எடுக்கும் புழுக்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு, 15 முதல் 20 நிமிடத்துக்குள் அந்தத் தொகுப்பை வேதிக் கரைசலுக்கு மாற்றிவிடுவார்கள்.

3. தொடுதல். இடுக்கியின் நுனி டிஸ்கைக் கிள்ளிய இடத்தில் செல்கள் நசுங்கிச் சாகும். படத்தில் அது 'செல் மரணம்' போலவே தெரியும். ஆய்வு செல் மரணத்தைப் பற்றியதாக இருந்தால் இதைவிட மோசமான பிழை வேறில்லை.

4. ஒட்டுதல். திசு பிளாஸ்டிக்கிலும் கண்ணாடிக் குழாயிலும் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். உறிஞ்சுகுழாயின் முனையை முன்கூட்டியே புரதக் கரைசலில் நனைத்து வைப்பது இதற்குத்தான். அப்படிச் செய்யாமல் காலையில் எடுத்த முப்பது டிஸ்கில் மாலையில் ஏழு மிஞ்சும் கதை, இந்த வேலை நடக்கும் இடமெல்லாம் உண்டு.

## வயதைச் சரியாகப் பிடிப்பது

வெட்டுவதற்கு முன் ஒரு கணக்கு இருக்கிறது. வளரும் திசு மணிக்கு மணி மாறும். எட்டு மணி நேர வித்தியாசமுள்ள இரண்டு டிஸ்க்குகளை அருகருகே வைத்து 'இந்த ஜீன் இல்லாததால் இறக்கை சிறுத்துவிட்டது' என்று சொன்னால், சிறுத்தது இறக்கையா, வயதா?

புழு உணவை விட்டு வெளியேறிச் சுவரில் ஏறத் தொடங்கும் பருவம் கண்ணுக்குத் தெரியும் அடையாளம். அதைவிடத் துல்லியமானது கூடு கட்டும் தருணம். புழு அசைவற்று, தோல் வெள்ளையாகவே இருக்கும் நிலை ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நீடிக்கும், அப்புறம் பழுப்பேறிவிடும். அந்த வெள்ளை நிலையைப் பூஜ்ஜிய மணி என்று வைத்து எண்ணுவார்கள். வெப்பநிலையும் கணக்கில் சேரும்: 18 டிகிரியில் வளர்ச்சி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காலம் எடுக்கும். '24 மணி நேரக் கூட்டுப்புழு' என்று மட்டும் எழுதி வெப்பநிலையைச் சொல்லாத கட்டுரை பாதி தகவலைத்தான் தருகிறது.

## சட்டையைத் திருப்புவது போல

டிஸ்கைத் தனியே பிடுங்கி எடுப்பதுதான் முறை என்று தோன்றும். அனுபவப்பட்டவர்கள் அப்படிச் செய்வதில்லை. புழுவைக் கரைசலில் கிடத்தி, நடுப்பகுதிக்குச் சற்று மேலே இரண்டாக நறுக்கி, பின்பாதியை ஒதுக்கிவிடுவார்கள். முன்பாதியின் வாய்க்கொக்கியை ஓர் இடுக்கியால் உள்நோக்கி அழுத்தி, இன்னோர் இடுக்கியால் தோலை அதன்மேல் வழித்துத் தள்ளினால், கழற்றிய சட்டையின் கையைத் திருப்புவது போலப் புழு உள்வெளியாகத் திரும்பிவிடும். இப்போது தோல் உள்ளே, உறுப்புகள் வெளியே. கொழுப்பையும் குடலையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் மெல்ல நீக்கிவிட்டால், மூளையும் டிஸ்க்குகளும் தங்கள் இடத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

இதில் இருக்கும் சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். இனி வரும் எல்லாக் கழுவலும் சாயமும் இந்தத் திருப்பிய உடலுக்குத்தான். அது கண்ணுக்குத் தெரியும் அளவு பெரியது. குழாயின் அடியில் தானாகப் படியும். கரைசலை மாற்றும்போது உறிஞ்சப்பட்டுத் தொலையாது. டிஸ்கை இடுக்கி தொடுவதே கடைசியில், கண்ணாடித் தகட்டின் மேல், ஒரே ஒரு முறை. அப்போதும் டிஸ்கைப் பிடிப்பதில்லை, அது தொங்கும் இழையைத்தான் அறுப்பார்கள்.

இதற்கான இடுக்கியின் முனை ஊசியைவிடக் கூர்மையானது. ஒரு தடவை கீழே விழுந்தால் முனை வளைந்துவிடும். வளைந்த முனை எவ்வளவு பழகிய கையையும் தோற்கடிக்கும்.

திசுவைப் பனிக்கட்டி மேல் வைப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். சிதைவு மெதுவாகும் என்பது சரி. ஆனால் செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்கள் குளிரில் கலைந்துவிடும் இயல்புடையவை. நுண்குழல்களைப் பார்க்க வேண்டிய ஆய்வில் பனிக்கட்டி உதவி அல்ல, கெடுதல். எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரியாமல் 'பொதுவாக நல்ல முறை' என்று ஒன்றை இந்தத் துறையில் சொல்லவே முடியாது.

## நிலைப்படுத்தல்: உயிரை நிறுத்தி உருவத்தை வைத்துக்கொள்வது

திசுவை அது இருந்த நிலையிலேயே உறையச் செய்யும் படிக்கு நிலைப்படுத்தல் என்று பெயர். வழக்கமாக 4% ஃபார்மால்டிஹைடு, அறை வெப்பநிலையில் 20 முதல் 30 நிமிடம்.

ஃபார்மால்டிஹைடு மிகச் சிறிய மூலக்கூறு. புரதங்களில் உள்ள அமினோ தொகுதிகளைப் பற்றிக்கொண்டு, பக்கத்துப் புரதத்தோடு பாலம் போடும். பல்லாயிரம் பாலங்கள் சேர்ந்தால் செல்லின் உள்ளே ஒரு வலை உருவாகிவிடும். எதுவும் நகராது, நொதிகளும் வேலை செய்யாது. இது திசுவுக்குள் வேகமாகப் புகும், ஆனால் பாலம் போடும் வேலை மெதுவாக நடக்கும். கரைசல் பட்டதுமே எல்லாம் உறைந்துவிடுவதில்லை என்று இதற்குப் பொருள். இந்த இடைவெளியை மறந்துவிடக் கூடாது, பின்னால் தேவைப்படும்.

குறைவாகச் செய்தால் பிந்தைய கழுவல்களில் புரதம் கரைந்து வெளியேறும், திசு தளரும். அதிகமாகச் செய்தால் இரண்டு கேடு. வலை இறுகி, பின்னால் வரும் எதிர்ப்பொருள் (தேடும் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம்) உள்ளே நுழைய முடியாது; அது அடையாளம் காண வேண்டிய பகுதியே உருமாறிப் போகும். கூடவே திசு தானாக மங்கலாக ஒளிரத் தொடங்கி உண்மையான ஒளியை மூடிவிடும். ஆக அந்த 20 நிமிடம் ஒரு சமரசம். சில எதிர்ப்பொருள்களுக்கு அது பொருந்தும், சிலவற்றுக்குப் பொருந்தாது.

கரைசலின் தரமும் முக்கியம். பாட்டிலில் வரும் 37% ஃபார்மலினில், அது கெட்டிப்படாமல் இருக்க 10 முதல் 15% வரை மெத்தனால் சேர்ப்பதுண்டு. மெத்தனால், செல்லுக்கு உருவம் தரும் ஆக்டின் என்ற புரத இழைகளின் வடிவத்தைக் குலைக்கும். செல்லின் எல்லைகளைக் காட்ட ஃபாலாய்டின் என்ற பொருளைப் பயன்படுத்துவார்கள் (ஆளைக் கொல்லும் ஒரு காளானின் நஞ்சு இது). குலைந்த ஆக்டினை அது பற்றாது. ஆகவே மெத்தனால் இல்லாத ஃபார்மால்டிஹைடைத் தேடி வாங்குவது வீண் பகட்டு அல்ல.

## துளை, தடுப்பு, சாயம்

நிலைப்படுத்திய செல்லைச் சுற்றிக் கொழுப்புச் சவ்வு இன்னும் இருக்கிறது. எதிர்ப்பொருள் பெரிய புரதம், சவ்வைத் தாண்டாது. ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்பு போன்ற பொருளை 0.1 முதல் 0.3% வரை கலந்து சவ்வில் துளை போடுவார்கள். அப்புறம் பசு ரத்தப் புரதமோ ஆட்டு ரத்த நீரோ சேர்த்து, கண்ட இடத்தில் ஒட்டக்கூடிய பரப்புகளை முன்கூட்டியே நிரப்பிவிடுவார்கள்.

நிறம் வருவது இப்படி. தேடும் புரதத்தை மட்டும் பற்றும் முதல் எதிர்ப்பொருள், 4 டிகிரியில் ஓர் இரவு முழுக்க. நன்றாகக் கழுவிய பிறகு, முதலாவதைப் பற்றும் இரண்டாம் எதிர்ப்பொருள். இதன் முதுகில்தான் ஒளிரும் சாயம் இருக்கிறது. ஒரு முதல் எதிர்ப்பொருள் மேல் பல இரண்டாம் எதிர்ப்பொருள்கள் அமர்வதால் ஒளி பெருகும். உட்கருவைக் காட்ட டாப்பி சாயம், அது டி.என்.ஏ.வோடு சேர்ந்து, புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும். இந்தக் கட்டத்திலிருந்து எல்லாம் இருட்டில், ஏனென்றால் வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும்.

இன்னொன்று: நுண்ணோக்கியின் உணரிக்கு நிறம் தெரியாது. எத்தனை ஒளித்துகள் வந்தன என்று மட்டுமே அது எண்ணும். திரையில் பச்சை பூசுவது மென்பொருள். நிறக்குருடு உள்ளவர்களுக்கும் புரிய வேண்டும் என்று இப்போது பலர் சிவப்பு–பச்சைக்குப் பதில் மெஜந்தா–பச்சை இணையைத் தேர்ந்தெடுப்பதும் இதனால்தான் சாத்தியமாகிறது.

## கண்ணாடிக்கு அடியில்

இரண்டு நாள் உழைப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கே, கடைசி ஐந்து நிமிடத்தில்.

டிஸ்கைக் கண்ணாடித் தகட்டில் கிளிசரால் கலந்த ஊடகத்தில் வைத்து, மேலே மெல்லிய மூடுகண்ணாடியை இறக்குகிறார்கள். கண்ணாடியின் எடையே போதும், டிஸ்க் நசுங்கிவிடும். மடிப்புகள் தட்டையாகும், உயரமான செல்கள் சாயும். மேலிருந்து எடுக்கும் படம் இதனால் அழகாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. செல்லின் உயரத்தையோ மடிப்பின் ஆழத்தையோ அளக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் ஒட்டுநாடாவையோ கண்ணாடித் துண்டையோ வைத்து, பாலம் போல மூடியைத் தாங்க வேண்டும்.

எந்தப் பக்கம் மேலே என்பதும் கேள்விதான். டிஸ்க் குப்புறக் கிடந்தால், பார்க்க வேண்டிய செல்களை ஒளி கடைசியாகத்தான் சென்றடையும்.

அடுத்து ஒளிவிலகல் எண். காற்றுக்கு 1.0, தண்ணீருக்கு 1.33, கிளிசராலுக்கு 1.47, கண்ணாடிக்கும் அதற்கான எண்ணெய்க்கும் ஏறக்குறைய 1.52. எண்ணெய் லென்ஸ் வழியாகத் தண்ணீர் போன்ற ஊடகத்துக்குள் பார்த்தால், ஒளி எல்லையில் வளைந்து, ஆழம் போகப் போகப் படம் மங்கும். அதோடு நிற்காது: உயரத் திசையில் படம் நீண்டுவிடும், செல் உண்மையைவிட உயரமாகத் தெரியும். மூடுகண்ணாடியின் தடிமனும் விருப்பம் போல இருக்க முடியாது. பெரும்பாலான லென்ஸ்கள் 0.17 மில்லிமீட்டர் கண்ணாடிக்கென்றே செய்யப்பட்டவை. அந்த எண் லென்ஸின் உடம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

ஓரத்தை நகப்பூச்சால் அடைத்தால் வேலை முடிந்தது. ஆம், சாதாரண நகப்பூச்சுதான்.

## ஒரே செய்முறை எல்லாவற்றுக்கும் ஆகாது

கருவுக்கு வேறு தந்திரம் தேவை. முட்டையின் வெளி ஓட்டை வெளுப்புத் திரவத்தில் (பிளீச்) இரண்டு நிமிடம் போட்டுக் கரைக்கலாம். அதன் உள்ளே இருக்கும் மெழுகுப் பூச்சுள்ள சவ்வு எதையும் உள்ளே விடாது. ஹெப்டேன் என்ற கரைப்பானை மேலடுக்காகவும் ஃபார்மால்டிஹைடு கரைசலைக் கீழடுக்காகவும் ஊற்றினால், கருக்கள் இரண்டும் சேரும் கோட்டில் மிதக்கும். ஹெப்டேன் சவ்வை இளக்கி வழிவிடும். பிறகு கீழடுக்கை எடுத்துவிட்டு மெத்தனால் ஊற்றி வேகமாகக் குலுக்கினால் சவ்வு வெடித்துக் கழன்று, உரிந்த கருக்கள் அடியில் படியும். ஆனால் மேலே சொன்னபடி மெத்தனால் பட்டால் ஃபாலாய்டின் பயன்படாது. அது வேண்டுமென்றால் சவ்வை ஊசியால் ஒவ்வொன்றாகக் கையால் உரிப்பதுதான் வழி.

கூட்டுப்புழுவின் விழித்திரை இன்னும் மென்மை. முழுக் கண்ணில் சுமார் 750 சிறு கண்கள். ஒவ்வொன்றிலும் 8 ஒளியுணர் செல்கள், 4 கூம்பு செல்கள், 2 முதன்மை நிறமி செல்கள் என்று எண்ணி வைத்தாற்போல் அமைப்பு. இடையில் உபரியாக இருக்கும் செல்கள் திட்டமிட்டபடி செத்து ஒழிந்து, அந்தப் பூஜ்ஜிய மணியிலிருந்து 40 மணி நேரத்தை ஒட்டி இந்தத் தேன்கூட்டு வலை முடிவடையும். ஒரு செல் கூடினாலும் குறைந்தாலும் கண்ணில் படும் என்பதால் ஆய்வாளர்களுக்கு இது பிடித்த திசு. எடுப்பதோ கஷ்டம்: கூட்டுக்குள் கொழுப்பு செல்கள் பால் போல மிதந்து எல்லாவற்றையும் மறைக்கும், விழித்திரை இடுக்கியைத் தாங்காது. அதனால் மூளையோடு சேர்த்தே வெளியே எடுத்து, கரைசலை மெல்லப் பீச்சிக் கொழுப்பைக் கழுவி, சாயம் ஏற்றி முடிக்கும்வரை மூளையையே கைப்பிடியாக வைத்துக்கொள்வார்கள்.

## தயாரிப்பு மறைத்த ஓர் அமைப்பு

இத்தனை கவனத்தோடு செய்தாலும் கண்ணுக்குத் தப்புபவை உண்டு. 1999-இல் ராமிரெஸ்-வெபர், தாமஸ் கோர்ன்பெர்க் இருவரும் இறக்கை டிஸ்கின் செல்களிலிருந்து மிக மெல்லிய நூல் போன்ற நீட்சிகள், சமிக்ஞை அனுப்பும் மையத்தை நோக்கி நீளுவதை வெளியிட்டார்கள். சைட்டோனீம் என்று பெயரிட்டார்கள். அதற்கு முன் எத்தனையோ பேர் அதே டிஸ்கைப் பார்த்திருக்கிறார்கள். வழக்கமான நிலைப்படுத்தலில் இந்த நூல்கள் தாக்குப்பிடிப்பதில்லை. நிலைப்படுத்தாத டிஸ்கில், செல்களே தயாரிக்கும் பச்சை ஒளிர் புரதத்தின் உதவியோடு பார்த்தபோதுதான் தெரிந்தது. ஃபார்மால்டிஹைடு புகுவதற்கும் பாலம் போடுவதற்கும் இடையிலான அந்த இடைவெளி, மென்மையான அமைப்புகள் குலைய எவ்வளவு தாராளமானது என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

அப்படியானால் எல்லாவற்றையும் உயிரோடே பார்த்துவிடலாமே? ஜெல்லி மீனிலிருந்து வந்த அந்தப் பச்சைப் புரதத்துக்கு 2008-இல் வேதியியல் நோபலே கிடைத்தது. ஆனால் உடலுக்கு வெளியே, வளர்ப்புக் கரைசலில் டிஸ்க் இயல்பாக வளரும் காலம் குறைவு. லேசர் ஒளியே செல்லைக் காயப்படுத்தும். பச்சைப் புரதத்தை ஒட்டவைத்தால், ஒட்டிய புரதத்தின் நடத்தை மாறலாம். உயிர்ப் படத்துக்கும் அதன் பங்குப் பிழைகள் இருக்கின்றன, அவை வேறு வகை, அவ்வளவுதான்.

## ஒரு படத்தைப் பார்க்கும்போது கேட்க வேண்டியவை

1. ஒப்பிடப்படும் இரண்டு திசுக்களும் ஒரே வயதா, ஒரே வெப்பநிலையா? முடிந்தால் ஒரே குழாயில் சேர்த்துச் சாயம் ஏற்றப்பட்டவையா?

2. முதல் எதிர்ப்பொருளை விட்டுவிட்டு, இரண்டாவதை மட்டும் போட்ட கட்டுப்பாட்டுச் சோதனை இருக்கிறதா? அந்த ஜீனே இல்லாத ஈயில் ஒளி மறைகிறதா? இந்த இரண்டில் பின்னதுதான் வலுவான சான்று.

3. லேசரின் அளவும் உணரியின் அமைப்பும் எல்லாப் படங்களுக்கும் ஒன்றா? உணரியின் எல்லையை எட்டும் அளவு ஒளி மிகுந்து வெள்ளையாகிப்போன பகுதியில் 'இரண்டு மடங்கு அதிகம்' என்று சொல்ல வழியில்லை.

4. உயரத்தைப் பற்றிப் பேசினால், மூடுகண்ணாடிக்குக் கீழே இடைவெளி விடப்பட்டதா?

5. செய்முறைப் பகுதியில் 'வழக்கமான முறைப்படி' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்களா? அப்படியிருந்தால் எத்தனை நிமிடம், எந்தக் கரைசல், எந்த வெப்பநிலை என்பது வாசகருக்குத் தெரியவே தெரியாது. இரண்டு ஆய்வுக்கூடங்களின் படங்கள் முரண்படும்போது முதலில் தேட வேண்டிய இடம் அந்த ஒரு வரிதான்.